சிமெண்டில் பதிந்த கால்

ஹாரன்காரருக்கு அந்தப் பெயர் வந்ததே அவருடைய ஜீப்பில் ஹாரன் இல்லாததால்தான். வாங்கும்போது இருந்தது. கல்லிலும் பள்ளத்திலும் குலுங்கிக் குலுங்கி, ஒரு மழைக்காலத்தில் அதற்குத் தொண்டை கட்டியது; அடுத்த மழைக்காலத்தில் அடியோடு ஊமையாகிவிட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இதை விட்டுத்தள்ளுங்க. உங்களுக்குத்தான் வாய் இருக்கே, அது போதாதா?" என்றார். அவர் கேலிக்குச் சொன்னதை இவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வளைவு வந்தால் தலையை வெளியே நீட்டி, "ஹோ...ய்!" என்று ஒரே சத்தம். ஒரு மலை அதை வாங்கி அடுத்த மலைக்குக் கொடுக்கும். மேலேயிருந்து இறங்கி வருகிற டிரைவர்கள், "ஹாரன் வருது, ஒதுங்கு" என்று ஓரங்கட்டிவிடுவார்கள்.

வாய் அவருக்குப் பரம்பரையாக வந்தது. அப்பா லாரி கிளீனர். வண்டிக்குப் பின்னால் நின்று "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்று சொல்லியே காலத்தைக் கழித்தவர். வீட்டில் தட்டில் சோறு போடும்போதுகூடப் போதும் என்பதற்கு "ஹோல்டான்" என்பார். அப்பாவின் அக்கா, அதாவது இவருக்குப் பெரிய அத்தை, காய்கறி மண்டியில் ஏலம் விட்டவர். அவர் தக்காளிக்கு விலை கேட்டால் அடுத்த தெருவில் சும்மா நடந்துபோகிறவர்களும் தெரியாமல் கையைத் தூக்கிவிடுவார்கள். அந்த அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் பஸ் கண்டக்டர், இளையவர் தெருத்தெருவாக மைக் கட்டி விளம்பரம் சொன்னவர். மொத்தக் குடும்பத்திலும் சித்தப்பா ஒருவர்தான் பேசாத ஆள். அதற்காகவே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். "உடம்புல ஒண்ணும் இல்லை, இவருக்குப் பேச எடம் கிடைக்கலை, அவ்வளவுதான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வகுப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், அதுவும் வாத்தியார்தான் பேசலாம் என்று தெரிந்ததும் ஹாரன்காரர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். பிறகு சிமெண்டு லாரி ஓட்டினார். சிமெண்டு மூட்டையோடு என்ன பேச? பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகள் இவர் சொன்ன கதையை வீட்டில் போய்ச் சொல்லி, ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அந்த வேலையும் போயிற்று. அப்புறம்தான் மலை அவரைக் கூப்பிட்டது.

மலைக்கு மேலே ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. அதைச் சுற்றி ஓர் ஊர்: வரிசை வீடுகள், ஆபீஸ், தொழிலாளிகளுக்கு விளக்கு கொடுக்கிற அறை, ஆட்களைக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற பெரிய இரும்புச் சக்கரம். செம்பு தீர்ந்தது, கம்பெனி பூட்டியது, ஜனங்கள் சட்டி பானையோடு கீழே இறங்கி வந்துவிட்டார்கள். அதன்பிறகு மழைதான் அங்கே குடியிருந்தது. கூரைகள் விழுந்தன, கட்டில் போட்ட இடத்தில் மரம் முளைத்தது. ஊர் நன்றாக இருந்தபோது எட்டிப் பார்க்க ஒரு ஈ காக்கை வந்ததில்லை. இடிந்தபிறகு பாருங்கள், கழுத்தில் கேமராவும் முதுகில் பையுமாகத் தூரதேசத்திலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள்.

போகிற பாதையை வீதி என்று சொன்னால் வீதி கோபித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தாது ஏற்றி வந்த வண்டிகள் தேய்த்த தடம், அவ்வளவே. ஏறுவதற்கு முன் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போதுதான் கல்லைக் கவ்வும். ஓடை ஒன்று குறுக்கே வரும். அதைத் தாண்டினால் வழுக்குப் பாறை. அங்கே ஆட்களையெல்லாம் இறக்கி நடக்கவிட்டு, சின்ன கியரில் போட்டு, சக்கரத்தைத் தடவித் தடவி ஏற்ற வேண்டும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் எத்தனை தூரமானாலும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஜீப் ஸ்டாண்டில் இது எழுதாத சட்டம்.

ஸ்டாண்டில் பல ஜீப்புகள் இருந்தாலும் போட்டி என்று பார்த்தால் இரண்டே பேருக்குத்தான். ஒருவர் ஹாரன்காரர். இன்னொருவருக்கு 'கூலிங்கிளாஸ்' என்று பெயர். மழையானாலும் பனியானாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள். அவருடைய ஜீப்பில் புது டயர், மெத்தை சீட்டு, அதிருகிற பாட்டுப்பெட்டி. ஹாரன்காரரிடம் இருந்தது ஒரு கதை.

அந்தக் கதைக்கு மூலதனம் ஒரு காலடி. ஒரு நாள் திடீர் மழைக்கு மேல்வரிசையின் மூலைவீட்டில் ஒதுங்கினார். அடுப்பு இருந்த மூலைக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், அச்சு வார்த்த மாதிரி ஒரு பாதம். ஒற்றைப் பாதம். அதிலும் பெருவிரலின்மேல் அடுத்த விரல் ஏறி உட்கார்ந்திருந்தது. பார்த்தவுடன் ஹாரன்காரருக்கு நாக்கு அரித்தது. கீழே இறங்கி வருவதற்குள் கதை தயார். சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட புருஷன். ஜன்னலில் காத்துக்கொண்டே நின்ற மனைவி. செய்தி கேட்டு வெறுங்காலோடு ஓடிய வேகத்தில், துக்கத்தின் சூட்டில், தரையே உருகிக் கால் பதிந்துவிட்டது. இன்றைக்கும் அவள் போகவில்லை, இங்கேதான் நிற்கிறாள்.

வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. முதலில் அவளுக்கு நீளக் கூந்தல் வந்தது. பிறகு கையில் ஒரு விளக்கு. பிறகு வாசற்படிக்கு உள்பக்கம் ஆடுகிற பலகை ஒன்றுக்கு அடியில் கம்பி கட்டி, அந்தக் கம்பியைப் பக்கத்துவீட்டுக் கூரைத் தகரத்தோடு இணைத்தார். "அவ இங்கதான் நிக்கிறா" என்று குரலைத் தாழ்த்தி, குதிகாலால் பலகையை ஒரு மிதி. அந்தப் பக்கம் தகரம் 'தடார்' என்று அடிக்கும். அந்த மிதிக்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு.

இப்போது வீட்டுக்கு வருவோம். கீழே கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். மனைவி தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தில் புருஷன் பேச்சு பாதி கேட்காது; அதனால்தான் குடித்தனம் நல்லபடியாக ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அவர்களோடு மாமியாரும் இருந்தார். மகன் வீட்டில் இருக்க வேண்டியவர்தான். ஆனால் மகன் கோழித்தீவன வியாபாரி. அந்த வீட்டில் தலையணைகூடத் தீவன நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார்.

மாமியார் அந்தச் சுரங்க ஊரில்தான் குடித்தனம் நடத்தியவர். விளக்கு அறைக்காரரின் பெண்டாட்டி. இது ஹாரன்காரருக்குத் தெரியும். எந்த வீடு என்று தெரியாது. எப்படி இருந்தது அந்த ஊர் என்றும் தெரியாது. கேட்டதே இல்லை. கேட்க வேண்டுமென்றால் தன் பேச்சை நிறுத்த வேண்டுமே! இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமியாருக்குக் குளிர் ஆகாது. விடிந்தால் அடைந்தால் கம்பளிக் காலுறையோடுதான் இருப்பார். அவருடைய பாதம் எப்படி இருக்கும் என்று செருப்புக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லுவார். மருமகனைக் கேட்டால் தெரியாது.

அந்த வருஷம் ஜீப்பின் கியர்பெட்டி முனகத் தொடங்கியது. அதே நேரத்தில் நகரத்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்று, தன்னுடைய ஆட்களையெல்லாம் இனி ஒரே ஜீப்பில்தான் மேலே அனுப்பும், யாருடைய ஜீப் என்று வந்து பார்த்து முடிவு செய்யும் என்று தகவல் வந்தது. அந்தக் கம்பெனிதான் சீசன். அது கூலிங்கிளாஸிடம் போய்விட்டால் ஹாரன்காரர் ஜீப்பை விற்றுவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான். கீழே மச்சினன் தயாராக நின்றான்.

"மச்சான், வேன் சும்மாதான் நிக்குது. தீவன மூட்டையை ஏத்தினா போதும், ஓட்டிக்கிட்டே போகலாம். கோழிங்க எதிர்த்துப் பேசாது. உங்களுக்குன்னே செஞ்ச வேலை."

"ஏன்டா, கோழிகிட்டப் போயி நான் என்ன கதை சொல்றது?"

"சொல்லுங்க. முட்டை போடுறதை நிறுத்தாம இருந்தா சரி."

ஹாரன்காரருக்கு அன்றிலிருந்து தூக்கத்திலும் கோழி கொக்கரித்தது.

கம்பெனி மேடம் இவர் ஜீப்பில் ஏறிப் பார்க்க வருகிறார் என்ற நாளுக்கு முந்தின சாயங்காலம். ஹாரன்காரர் கூடத்தில் நின்று போனில் மேடத்துக்குத் தன் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். போன் இல்லாமலேயே கேட்டிருக்கும். சமையல்கட்டுப் பக்கம், மிஷின் மிதித்துக்கொண்டிருந்த மகளிடம் மாமியார் தன் நாத்தனாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தை என்ன சொல்லிட்டுப் போனா கேட்டியா? மூலைவீடு அவளோடதாம்! ஜன்னல் வச்ச வீட்டுல அவ இருந்தாளாம், நான் பின்வரிசையில இருட்டு வீட்டுல கெடந்தேனாம். எல்லார் முன்னாடியும் சொல்றா!"

"விடும்மா. இடிஞ்சுபோன வீடு யாருதா இருந்தா என்ன?"

"இடிஞ்சாலும் என் வீடுடீ. நான் கால் வச்ச எடம் சிமெண்டுல அப்படியே இருக்கும். போயி ஒரு போட்டோ எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா அனுப்பினாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

கூடத்தில், "இடது பக்கம் மேடம், இடது!" என்று ஹாரன்காரர் கத்திக்கொண்டிருந்ததால் இதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. போனை வைத்ததும் மாமியார் வந்து எதிரே நின்றார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு நானும் வர்றேன். மேல எனக்கு ஒரு வேலை இருக்கு."

"அத்தை, நாளைக்கு வேண்டாம். இன்னொரு நாள் தனியாவே கூட்டிட்டுப் போறேன்."

"இந்தப் பேச்சைத்தான் கல்யாணம் ஆனதுலேருந்து கேட்கறேன்."

தையல் மிஷின் நின்றது. அது நின்றால் என்ன அர்த்தம் என்று ஹாரன்காரருக்குத் தெரியும். "சரி, வாங்க" என்றார்.

மறுநாள் காலையில், மேடம் வருவதற்குள் மாமியாரைப் பின்சீட்டில் மூலையாக உட்காரவைத்து, காதோடு சொன்னார்: "அத்தை, யாராவது கேட்டா எனக்குத் தெரிஞ்சவங்கன்னு மட்டும் சொல்லுங்க. மாமியாரை வண்டியில ஏத்திட்டு வந்தேன்னா தொழில்ல மரியாதை இருக்காது. வேற எதுவும் பேச வேண்டாம்."

"உங்ககூட வந்தா பேசறதுக்கு எடம் ஏது மாப்பிள்ளை?"

மேடம் நல்ல உயரம், குறைந்த பேச்சு. கூட ஒரு கேமராக்காரர். ஆள் மலை மாதிரி இருந்தார். வயிறுதான் மலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வளைவில் "ஹோ...ய்!" என்று சத்தம் வந்ததும் திடுக்கிட்டார். அடுத்த வளைவில் முகம் வெளுத்தது. அதற்கடுத்த வளைவில் தலையை வெளியே நீட்டினார். ஹாரன்காரர் வலதுபக்கம் கத்த, அவர் இடதுபக்கம் கக்க, இப்படியே ஓடைவரை போனார்கள். மாமியார் தன் பைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வாப்பா. பேச்சைக் காதுல வாங்காத, அதுலதான் பாதிக் கிறுகிறுப்பு."

மேடம் முந்தின நாளே கூலிங்கிளாஸ் ஜீப்பில் போய்வந்தவர். "அவர் ரொம்ப வேகமாப் போனாரு. பாட்டுச் சத்தத்துல இன்னும் காது அடைச்சிருக்கு" என்றார்.

"என் வண்டியில பாட்டே கிடையாது மேடம்."

"ஆமா" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வைக்க நேரம் இல்லை."

வழுக்குப் பாறையில் எல்லாரையும் இறங்கச் சொன்னார். மேடம் இறங்கினார். கேமராக்காரர் தரையைத் தொட்டுக் கும்பிடாத குறையாக இறங்கினார். மாமியார் அசையவில்லை.

"எறங்குங்க அத்... அம்மா. பாரம் குறைஞ்சாத்தான் ஏறும்."

"எறங்கி நடக்கறதுன்னா எதுக்கு ஜீப்பு? அந்தக் காலத்துல தலையில தண்ணிக் குடத்தோட இந்தப் பாறையில ஏறினவ நான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே ஏறினா உக்காந்துதான் ஏறணும்னு."

மேடத்துக்கு முன்னால் சண்டை போட முடியாது. ஹாரன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். பின்சக்கரம் வழுக்கியது. கியர்பெட்டி அழுதது. "இடது பக்கம் கல்லு இருக்கு, அதுல வைங்க" என்று மாமியார் பின்னாலிருந்து சொன்னார். வேண்டுமென்றே வலதுபக்கம் வைத்துப் பார்த்தார். வண்டி சறுக்கிக்கொண்டு ஒரு முழம் கீழே வந்தது. பிறகு இடதுபக்கம் வைத்தார், ஏறிவிட்டது.

மேலே போனதும் வழக்கமான சுற்று: இரும்புச் சக்கரம், கூரையில்லாத ஆபீஸ், துருப்பிடித்த எடைமேடை. மேடம் எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். நேற்று பார்த்ததுதானே என்பது அந்த "ம்"மிலேயே இருந்தது. ஹாரன்காரருக்குக் கோழி வாசனை மூக்கில் ஏறத் தொடங்கியது. 'இருக்கட்டும், மூலைவீடு இருக்கிறது' என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

மூலைவீட்டுக்குள் நுழைந்து, பலகைக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றார். மாமியார் ஜன்னல் திண்டில் போய், தன் சொந்த இடம் மாதிரி உட்கார்ந்துகொண்டார். ஹாரன்காரர் ஆரம்பித்தார். அன்றைக்குச் சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை. புருஷன்மேல் அவளுக்கு இருந்த ஆசையைச் சொன்னார். அவன் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள் என்றார்; அது அன்றைக்குப் புதிதாகச் சேர்த்தது. குழி இடிந்ததைச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராக்காரர் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டார். மேடம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"பாருங்க மேடம், ஒத்தைக் கால்தான். இன்னொரு கால் எங்க? தரையில படலை. ஏன் படலை? அந்த நிமிஷமே அவ மனுஷியா இல்லை! இந்த விரலைப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. மனுஷப் பொறப்புக்கு இப்படி ஒரு கால் இருக்குமா?"

"ஏன் இருக்காது?"

எல்லாரும் திரும்பினார்கள். ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தவர் வலதுகால் கம்பளிக் காலுறையைச் சாவகாசமாக உருவிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து அந்தப் பள்ளத்துக்குள் வைத்தார். பாதம் இத்தனை வருஷத்தில் கொஞ்சம் அகலித்திருந்தது. விரல்மேல் விரல் மட்டும் அச்சு மாறாமல், டப்பாவில் மூடி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

ஹாரன்காரர் தெரியாமல் பின்னால் ஒரு அடி வைத்தார். பலகை அமுங்கியது. பக்கத்துவீட்டுத் தகரம் 'தடார்' என்றது. மேடம் வீல் என்று கத்தினார். கேமராக்காரர் வாசலைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து கக்குவதைத் தொடர்ந்தார்.

"நான் செத்தது இருக்கட்டும்" என்றார் மாமியார். "யாருக்காகச் செத்தேன்னு சொன்னீங்க?"

"பு... புருஷனுக்காக, அத்தை."

"அத்தையா?" என்றார் மேடம்.

"அந்த மனுஷனுக்காக நான் ஒருவேளை சோத்தை விட்டதில்லை. உயிரை விடுவேனா? அவர் சுரங்கத்துக்குள்ள எறங்கினவரே இல்லை. விளக்கு ரூம்ல உக்காந்து, எல்லாருக்கும் விளக்கைக் கொடுத்துட்டு, இருட்டா இருக்குன்னு தூங்கிடுவாரு. நல்ல மனுஷன்தான், குறை சொல்லலை. ஆனா அவருக்காக ஓடற மாதிரி ஒரு வேலையும் அவர் எனக்கு வைக்கலை."

"அப்ப இந்தக் கால்?" என்றார் மேடம். கத்தியதில் அவருடைய குரல் பாதி போயிருந்தது.

"கம்பெனி கொத்தனார் அன்னிக்குத்தான் அடுப்பு முன்னாடி மட்டும் தரை பூசினாரு. காயற வரைக்கும் கால் வைக்காதேன்னாரு. சரின்னு வாசல்ல உக்காந்திருந்தேன். அதுக்கு முன்னாடியே அடுப்புல பால் வச்சிருந்ததை மறந்துட்டேன். பொங்குது! ஓடினேன். ஒரு கால் வச்ச பிறகுதான் ஞாபகம் வந்துது. இன்னொரு காலைத் தூக்கினது தூக்கினபடியே நின்னேன், கொக்கு மாதிரி. கீழ வச்சா கொத்தனார் திட்டுவாரு. வைக்கலைன்னா பால் போகும். பால் போயிருச்சு. வீட்டுக்காரர் வந்து பார்த்துட்டு, 'எதுக்கு ஒத்தைக் கால்ல நிக்கறே, வேண்டுதலா?'ன்னாரு. கதை இவ்வளவுதான். இதுக்கு எதுக்கு என்னைப் பேயாக்கணும்?"

மேடத்துக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அப்புறம் அந்தக் குறைந்த பேச்சுக்காரர் இடிந்த அடுப்புமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாரன்காரர் அதைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஆட்கள் அழுதிருக்கிறார்கள், அலறியிருக்கிறார்கள். ஒருவரும் சிரித்ததில்லை. 'முடிந்தது, தீவன வேன்தான்' என்று அவருக்குத் தோன்றியது.

மாமியார் நிறுத்தவில்லை. கேமராக்காரரைக் கூப்பிட்டுத் தன் காலையும் பள்ளத்தையும் ஜன்னலையும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கச் சொன்னார். "ஜன்னல் தெரியணும்ப்பா. அவ பார்க்கணும்." பிறகு மேடத்தின் கையைப் பிடித்து விளக்கு அறைக்குக் கூட்டிப்போனார். சாய்ந்து தூங்கியதில் புருஷனின் தலை எண்ணெய் சுவரில் பதிந்த இடத்தைக் காட்டினார். அழுக்கு இன்னும் இருந்தது. சுரங்கத்தை மூடிய நாளில் ஊரே அழுதது, தண்ணீர் சுமக்கிற வேலை விட்டது என்று தான் மட்டும் புதுப்புடவை கட்டிக்கொண்டு லாரி ஏறியதாகச் சொன்னார். மேடம் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாரன்காரர் நடுவில் வாயைத் திறக்கிறபோதெல்லாம் மேடம் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு விரலைத் தூக்கினார்.

இறங்கும்போது மேடம் பின்சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஓடையில் இறங்கும்போது, "வண்டியை நிறுத்துங்க" என்றார். நடுத்தண்ணீரில் ஜீப் நின்றது.

"அம்மா, எங்க ஆளுங்க வர்ற நாள்லயெல்லாம் நீங்க கூட வர முடியுமா? வந்தீங்கன்னா இந்த ஜீப்தான். வரலைன்னா நான் யோசிக்கணும்."

மாமியார் தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த மருமகன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோழித்தீவன வேன் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்றேன். முன்சீட்டுல உக்காருவேன். பாறையில எறங்க மாட்டேன். இன்னொண்ணு, நான் பேசும்போது மாப்பிள்ளை பேசக்கூடாது."

"நீங்க எப்பப் பேசுவீங்க அத்தை?" என்றார் ஹாரன்காரர் பயந்துபோய்.

"ஏறும்போது, எறங்கும்போது, மேல இருக்கும்போது."

ஹாரன்காரர் பேசாமல் இருந்ததை அந்த மலை முதல்முறையாகக் கேட்டது. கேமராக்காரர்கூடத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அவரையே பார்த்தார். தண்ணீர் மெல்ல ஏறிச் சக்கரத்தை நக்கியது. ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் ஜீப். இரண்டில் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

"வளைவுல மட்டும்...?" என்றார் கடைசியில்.

மாமியார் யோசித்தார். "வளைவுல கத்திக்கலாம்."

இப்படியாக ஜீப் பிழைத்தது. கியர்பெட்டிக்கும் வைத்தியம் ஆயிற்று. மச்சினன் வேறு டிரைவரைத் தேடிக்கொண்டான். கூலிங்கிளாஸ் மட்டும், "என்ன ஹாரன், சைலன்சர் மாட்டிட்டாங்களாமே" என்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். போட்டோவைப் பார்த்த மாமியாரின் நாத்தனார், கால் உன்னுடையதுதான், ஜன்னல் என்னுடையது என்று பதில் அனுப்பினார். அந்தச் சண்டை இன்னும் உயிரோடு இருக்கிறது.

பாலும் சிமெண்டும் கதை நன்றாகத்தான் போயிற்று. ஆனால் சீசன் பாதியில் வந்த ஒரு கூட்டம், "பேய் இல்லையா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டது. மாமியார் மருமகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஏன் இல்லை? இருக்கு" என்றார். "முன்னாடி இங்க ஒரு ஜீப் டிரைவர் வந்துபோயிட்டிருந்தாரு. நல்லவர்தான். வாய் மட்டும் நிக்காது. ஒருநாள் பேசிக்கிட்டே பின்னாடி நடந்தவர், அந்தச் சக்கரத்துக்குக் கீழ இருக்கற குழியைக் கவனிக்கலை. விழும்போதும் பேசிக்கிட்டேதான் போனாராம். இன்னும் அடிதட்டலையோ என்னமோ, இப்பவும் உள்ள பேச்சுக் குரல் கேட்குது."

அந்த டிரைவர் பக்கத்தில் நின்று, தான் செத்த விவரத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மாமியாருக்கும் கதை வளர்ந்தது. சில நாள் குழி, சில நாள் ஓடை, ஒரு நாள் தன் வாயையே விழுங்கிச் செத்தார். சாயங்காலம் வீடு திரும்பினால் மனைவி மிஷினை நிறுத்தாமல், "இன்னிக்கு எப்படிச் செத்தீங்க?" என்று கேட்பார்.

"பாறையில சறுக்கி."

"நேத்தே பரவாயில்லையே."

"நேத்து நல்லா இருந்துது" என்பார் ஹாரன்காரர். தொழில் தெரிந்தவர், பொய் சொல்ல மாட்டார்.

பலகை வேலை மட்டும் அவரிடமே இருந்தது. மாமியார் லேசாகச் செருமினால் மிதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் மாமியார் அவரை ரொம்பவும் சீரழித்துக் கொன்றுகொண்டிருந்தார், பொறுக்கவில்லை. செருமலுக்குக் காத்திராமல், கதை பாதியில் இருக்கும்போதே பலகையை ஓங்கி மிதித்தார். தகரம் தடார் என்றது. வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மாமியார் அசையவேயில்லை. தகரம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"பாருங்க. செத்தும் நடுவுல நடுவுல பேசறாரு."